முதல் மீன் போன வீடு

இக்காலுலிக், வட கனடா,
செப்டம்பர் 12, 1988

லியோனிக்கு, உன் பெரியம்மா அகத்தா எழுதுவது.

உன் முதல் மீனை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். "மடத்துல படிச்ச அம்மாவுக்கு ஆத்து மீனு எறங்கலையாம்" என்று தபால் அறை வாசலில் ஒருத்தி சொன்னாள், நான் உள்ளே நிற்பது தெரிந்தே. கன்னியர் மடத்தில் இருந்த ஏழு வருஷம் போக, என் அறுபத்தெட்டு வயதில் மீதி முழுவதும் இந்த ஆற்று மீனைத்தான் தின்றிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லும் அளவுக்கு நான் இறங்கவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். மீன் கூட்டம் கடலிலிருந்து ஏறி வந்ததும், ஆற்றின் குறுக்கே கட்டிய கல் தடுப்பின் வாயை அடைத்தார்கள். என் தம்பி தோமா குரல் கொடுக்கும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே பாய்ச்சலாக இறங்கினார்கள். முக்கவர் ஈட்டியை நீ துடைப்பம் மாதிரிப் பிடித்திருந்தாய். ஒன்பது தடவை கல்லைக் குத்தினாய், பத்தாவது தடவை மீனை. ஆண் மீன். வயிறு சிவக்கத் தொடங்கியிருந்தது, கீழ்த்தாடை கொக்கிபோல் வளைந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கரையேறி, ஊர் முழுக்கக் கேட்கும்படி, "நான் பொறந்தப்ப எனக்குத் தொப்புள்கொடி அறுத்தது யாரு? மொத மீன் அவங்களுக்குத்தானே?" என்றாய்.

தோமாவின் மனைவி ரொசாலி கை நீட்டினாள். நீ கொடுத்தாய். நான் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதையும் நீட்டவில்லை. நீட்டாததை மறுக்க முடியாது.

மூட்டுவலி தவிர எனக்குக் குறை இல்லை. உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? இருமல் உண்டா? சாதாரண ரப்பர் செருப்போடு அந்தத் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றாய். அதை நான் பார்த்தேன்.

அகத்தா துலிமாக்

—

எட்மண்டன்,
அக்டோபர் 3

அன்புள்ள பெரியம்மா,

நான் சுகம். இருமல் இல்லை. பள்ளிச் சமையலறை வேலைக்குத் திரும்பிவிட்டேன். முந்நூறு பிள்ளைகளுக்கு ரொட்டி வெட்டும்போதெல்லாம் விரலில் மீன் வாசனை வருகிற மாதிரி இருக்கிறது. உங்கள் மூட்டுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள்?

நீங்கள் மீனை மறுத்ததாக என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு வந்த செய்தி வேறு. போன ஞாயிறு ரொசாலி அத்தை ஃபோன் செய்தார். ரொம்ப நேரம் சிரித்தார், பிறகு அழுதார்.

"கண்ணு, நான் அன்னைக்கு வெளக்குத்தான் புடிச்சேன். அறுத்தது நான் இல்ல."

"பின்ன ஏன் அத்தை கை நீட்டுனீங்க?"

"நீ கேட்டுட்டு நிக்கிற. ஒருத்தரும் வாயத் தெறக்கல. மீனு வேற துடிக்குது. உன் மொகத்தப் பாக்க முடியல. யாராச்சும் வாங்கணுமில்ல?"

யார் அறுத்தது என்று கேட்டேன். "அத அவங்களே சொல்லட்டும்" என்று வைத்துவிட்டார்.

பெரியம்மா, நான் பிறந்த பனிவீட்டில் அம்மாவோடு இருந்தது நீங்களும் ரொசாலி அத்தையும் மட்டும்தான் என்று தோமா மாமா சொல்லியிருக்கிறார். அப்படியானால் அது நீங்கள்தானா? நீங்கள்தான் என்றால், ஏன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்?

உங்கள் லியோனி

—

இக்காலுலிக்,
அக்டோபர் 29

லியோனிக்கு, அகத்தா எழுதுவது.

உன் கடிதம் மூடுபனியால் இரண்டு விமானம் தவறி மூன்றாவதில் வந்தது. அதற்கும் தபால்காரன் என்னைப் பார்த்து, நானே பனியை வரவழைத்ததுபோல் முறைத்தான்.

ஆற்றில் பனி கெட்டியாகிவிட்டது. கல்குவியலுக்குள் போட்டுவைத்த மீனில் கால்பங்கை நரி தின்றுவிட்டது. தோமா கல்லைச் சரியாக அடுக்கவில்லை. கேட்டால், "அதுக்கும் பசிக்கும்ல அக்கா" என்கிறான். என் வீட்டுக்காரர் கமனிக் இருந்தவரை அவர் அடுக்கிய குவியலை ஒரு கரடிகூடப் பிரித்ததில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஆமாம். அறுத்தவள் நான்தான். 1951 பிப்ரவரி, கடற்பனி மேல். ரொசாலி விளக்குப் பிடித்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது, விளக்கைவிட அதிகமாக அவள் நடுங்கினாள். உனக்கு முதல் சட்டையைப் போட்டுவிட்டதும் நான்தான், முயல் தோல் சட்டை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத ஒன்றுமில்லை. மீன் போன வீட்டுக்குப் போயிற்று. அங்கே உனக்கு ஓர் அத்தை கிடைத்திருக்கிறாள், வாய் ஓயாதவள் என்றாலும் மனசு நல்லவள்.

குளிர் தொடங்கிவிட்டது. நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ.

அகத்தா

—

எட்மண்டன்,
நவம்பர் 16

அன்புள்ள பெரியம்மா,

சுகமாக இருக்கிறேன், நெஞ்சும் சுகம். ஒவ்வொரு கடிதத்திலும் நெஞ்சைக் கேட்கிறீர்கள். அது 1961லேயே ஆறிவிட்டது.

எழுத ஒன்றுமில்லை என்கிறீர்கள். எனக்கு இருக்கிறது. காசநோய் மருத்துவமனையில் எங்கள் வார்டில் ஒன்பது வடக்குப் பெண்கள் இருந்தோம். மற்றவர்களுக்குப் பார்சல் வரும். கொடி அறுத்தவள் தைத்த கையுறை, கொடி அறுத்தவள் காயவைத்த மீன். "இது எனக்கு உசிரு குடுத்தவ அனுப்பினது" என்று ஒவ்வொருத்தியும் கட்டில்மேல் பரப்பிவைத்துக் காட்டுவாள். "உனக்கு யாரு?" என்று என்னைக் கேட்பார்கள். செத்துப்போயிட்டாங்க என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? நானும் அதை நம்பிவிட்டேன்.

நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். அதுவும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து வந்து, ஒன்பது தடவை கல்லைக் குத்தி, ஒரு மீன் பிடித்தேன். கரையில் நீங்கள் எனக்கு ஐந்தடி தூரத்தில் இருந்தீர்கள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறேன், அவ்வளவுதான். நரியைப் பற்றிப் பிறகு எழுதலாம்.

லியோனி

—

இக்காலுலிக்,
டிசம்பர் 9

லியோனிக்கு, அகத்தா எழுதுவது.

நீ ரொசாலியிடம் ஏதோ சொல்லிவைத்திருக்கிறாய். போன சனிக்கிழமை கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். தோளில் விறகுக்கட்டைபோல் உறைந்த மீன் ஒன்று. தரையில் போட்டாள். என் தரை விரிப்பில் ஒரு விரல் நீளம் கீறிவிட்டது.

"இந்தாங்க அண்ணி, உங்க மீனு."

"இது என் மீன் இல்ல."

"ஏன், மேல பேரு எழுதியிருக்கணுமா?"

"அவ குத்துனது ஆண். இது பொட்டை. அந்த மீன உன் வீட்ல அன்னைக்கே தின்னு தீத்தாச்சு."

"தீக்காம? மொத மீன வெச்சு அழகு பாப்பாங்களா? பதினாறு பேரு வந்தாங்க. நீங்க மட்டும்தான் வரல. தலைய உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன், கன்னத்துக் கறியோட. கடைசில நாய்தான் தின்னுச்சு."

"நாய் குடுத்து வெச்சது."

"அய்யோ, சிரிக்கத் தெரியுமா உங்களுக்கு! கன்னியர் மடத்துல அதையும் சொல்லிக்குடுத்தாங்களா?"

நான் சிரிக்கவில்லை. தேநீர் கொடுத்தேன். நான்கு சர்க்கரைக்கட்டி போட்டுக்கொண்டாள். "இந்த மீன வாங்கிக்கோங்க அண்ணி, நான் ஊரு ரேடியோல சொல்லிடறேன், தப்பா கை நீட்டிட்டேன்னு, எனக்கென்ன வெக்கம்" என்றாள். முதல் மீன் ஒன்றுதான். ரேடியோவில் சொல்வதால் பொட்டை மீன் ஆண் ஆகாது, டிசம்பர் ஆகஸ்டு ஆகாது என்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேறொன்று கேட்டாள். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

மீன் கொட்டகையில் கிடக்கிறது. கிறிஸ்து பிறப்புக்கு உனக்கு ஒரு ஜோடி கையுறை அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று எழுது.

அகத்தா

—

எட்மண்டன்,
ஜனவரி 5, 1989

பெரியம்மா,

கையுறை வந்தது. அளவு சரி. நெஞ்சு நலம்.

ரொசாலி அத்தை என்ன கேட்டார்?

லியோனி

—

இக்காலுலிக்,
மார்ச் 6

லியோனிக்கு, அகத்தா எழுதுவது.

இரண்டு மாதம் பதில் போடவில்லை. விமானத்தின் மேல் பழி இல்லை. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். காகிதம் வீணாவது எனக்குப் பிடிக்காது. ஆகவே இதைக் கிழிக்கப்போவதில்லை.

ரொசாலி கேட்டது: "கப்பல் விஷயமா அண்ணி? அதுக்குத்தான் வாங்கலியா?"

1956 ஆகஸ்டு. மருத்துவக் கப்பல் வந்தது. எல்லோரையும் ஏற்றி நெஞ்சைப் படம் எடுத்தார்கள். வெள்ளைக்காரர் பேச்சு தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான். மருத்துவர் பக்கத்தில் என்னை நிற்கவைத்தார்கள். உன் படத்தைப் பார்த்து அவர் சொன்னார்: மூன்று வருஷம், ஐந்து வருஷமும் ஆகலாம், திரும்பி வருவாள் என்று உறுதி சொல்ல முடியாது. உன் அம்மா சபீன் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள்.

"என்னக்கா சொல்றாரு? எப்ப அனுப்புவாங்களாம்?"

"அடுத்த தடவ ஐஸ் ஒடையறப்ப வந்துருவா."

"நெசமா?"

"நெசம்."

உன்னை இடுப்பிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். கொடுத்த அவள் கையை நான்தான் பிடித்துக் கப்பலிலிருந்து கீழே கூட்டிவந்தேன்.

ஐந்து வருஷம் என்று சொல்லியிருந்தால் அவள் அன்றே உன்னைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டு ஏரிக்கு ஓடியிருப்பாள். முந்தின வருஷம் அப்படி ஓடிய இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் பனிக்காலத்தைத் தாண்டவில்லை. அதை நினைத்துச் சொன்னேன். சரியா தவறா என்று உன்னிடம் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் பனி உடைந்தது. சபீன் உனக்குப் புதுச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு கரையில் நின்றாள். கப்பல் வந்து போயிற்று. "அக்கா, டாக்டர் என்ன சொன்னாரு, திரும்பச் சொல்லு" என்றாள். அடுத்த வருஷம் என்றேன். இரண்டாவது கோடையிலும் நின்றாள், சட்டையை அவிழ்த்து ஒரு சாண் சேர்த்துத் தைத்திருந்தாள். மூன்றாவது கோடையில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆண்டு பனிக்காலத்தில் காய்ச்சலில் போனாள். கடைசிவரை நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

உனக்குப் பார்சல் அனுப்பாததற்கும் இதுதான் காரணம். கையுறை தைத்தால் கடிதம் வைக்க வேண்டும். கடிதத்தில் உன் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும்.

உன்னை அவளிடமிருந்து முதலில் பிரித்ததும் நான், இரண்டாவது பிரித்ததும் நான். அந்தக் கையை நீட்டி உன் மீனை வாங்க என்னால் முடியவில்லை. ஆகவே கத்தியைக் கழுவினேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

உன் நெஞ்சைப் பற்றி இந்த முறை கேட்கவில்லை.

அகத்தா துலிமாக்

—

எட்மண்டன்,
ஏப்ரல் 2

பெரியம்மா,

என் சுகத்தைப் பற்றி எழுத இப்போது மனசில்லை.

கப்பலில் நீங்கள் சொன்ன பொய்யைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சில நாள், அதனால்தானே பிழைத்துக் கிடக்கிறேன் என்று தோன்றுகிறது. சில நாள், அந்தச் சட்டையை நினைத்துக்கொண்டு வேலையிடத்தில் குளிர்பதன அறைக்குள் போய் நிற்கிறேன். இது தெளிய நாளாகும்.

ஆனால் மீன் விஷயம் எனக்கு நன்றாகத் தெரிகிறது. அது உங்கள் பாவக்கணக்கைத் தீர்க்கும் மீன் இல்லை. என் மீன். அதைக் கொடுத்தால் எனக்கு ஓர் உறவு கிடைத்திருக்கும். கொடி அறுத்தவளைக் கூப்பிடும் பெயரில் உங்களைக் கூப்பிட்டிருப்பேன். அந்த ஊரில் நான் இன்னாருடைய பெண் என்று ஆகியிருக்கும். முதல் மீன் இரண்டாவது தடவை வராது என்று நீங்களே ரொசாலி அத்தையிடம் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தண்டனை வேண்டும் என்று தோன்றியது. அதற்கு என் மீனை எடுத்துக்கொண்டீர்கள்.

அம்மா எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் முடிவுசெய்தீர்கள். எனக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதையும் நீங்களே முடிவுசெய்தீர்கள். இரண்டு தடவையும் எங்களை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டுக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். இப்போது தெரியவில்லை. கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

லியோனி

—

ஏரிக் கூடாரம்,
மே 9

லியோனிக்கு, அகத்தா எழுதுவது.

உன் கடிதத்துக்குப் பிறகு நான்கு விமானம் வந்து போயிற்று. நீ எழுத மாட்டேன் என்றாய், நான் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

பனி ஐந்தடி கனம். தோமா துளை போட்டுக் கொடுத்தான். நாள் முழுக்கத் தூண்டிலை ஆட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக்கிடக்கிறேன். மீன் அடியில் வருகிறது, தந்தத் தூண்டிலைப் பார்க்கிறது, போய்விடுகிறது. பக்கத்துத் துளையில் ரொசாலிக்கு ஏழு. "மீனுக்கும் உங்களப் பாத்தா பயம் அண்ணி" என்கிறாள். மூன்று நாளில் எனக்கு ஒன்றுகூட இல்லை.

நீ எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. பலமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அகத்தா

—

இக்காலுலிக்,
ஜூன் 21

லியோனிக்கு, அகத்தா எழுதுவது. நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஊரில் என்னைப் பற்றி இப்போது வேறு பேசுகிறார்கள். அதைத் திருத்த வழியில்லை, ஏனென்றால் அது உண்மை.

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஊர் ரேடியோ அறைக்குப் போனேன். மைக் முன்னால் உட்கார்ந்து, லியோனியின் கொடியை அறுத்தவள் நான், அவள் முதல் மீனை நீட்ட இடம் தேடி நின்றபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்தத் தவறு என்னுடையது, ரொசாலியினுடையது இல்லை என்று சொன்னேன். கப்பலில் மருத்துவர் சொன்னதையும் சபீனிடம் நான் சொன்னதையும் சொன்னேன். அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன். தொலைபேசி அடித்தது. மேட்டு வீட்டு யூலாலி.

"அகத்தாம்மா, எங்க அம்மாவுக்கும் நீங்கதானே சொன்னீங்க? என் தம்பி அடுத்த ஐஸ் ஒடையறப்ப வந்துருவான்னு?"

"ஆமா."

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"இல்ல."

"அவன் வரவே இல்லயே."

"தெரியும்."

"நாங்க நாலு வருஷம் கரையில நின்னோம்."

அதையும் பார்த்தேன் என்றேன். வரிசையாக இன்னும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருத்தர் திட்டினார். நான் ஒருவரையும் மறுக்கவில்லை. குறுக்கே பேசவும் இல்லை. ரேடியோக்காரன் பாட்டுப் போடட்டுமா என்று சைகை செய்தான், வேண்டாம் என்றேன்.

பதினோரு தாய்மார்களிடம் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பெயர்களை எழுதினேன். அதில் உயிரோடு இருப்பவர்கள் நான்கு பேர். இரண்டு பேரைப் போய்ப் பார்த்துவிட்டேன். ஒருத்தி உட்காரச் சொன்னாள். இன்னொருத்தி கதவைத் திறக்கவில்லை. வாசலில் நின்றே கதவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ரொசாலி இப்போது தினமும் வருகிறாள், தட்டிவிட்டு. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. "தட்டாம வா" என்றேன் நேற்று. "நீங்க யாரு, எங்க அண்ணிதானே?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இதையெல்லாம் உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. உன் முதல் மீனை நான் எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பித் தர வழி தெரியவில்லை. இனி நீ பிடிக்கும் எந்த மீனும் முதல் மீன் ஆகாது. அப்படி ஆகும் என்று யாராவது உன்னிடம் ஆறுதல் சொன்னால் நம்பாதே.

ஆனால் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு கடைசியில் தடுப்பை அடைப்பார்கள். நீ வந்து தண்ணீரில் இறங்கினால், கரையில் எல்லோருக்கும் முன்னால் நான் நிற்பேன். நீ கேட்பதற்குக் காத்திருக்க மாட்டேன். இரண்டு கையையும் நீட்டி, எனக்கு ஒரு மீன் கொடு என்று நானே கேட்பேன். நீ கொடுக்காமல் என்னைத் தாண்டிப் போனாலும், போகிறவரை கையை மடக்க மாட்டேன்.

இதை ஃபோனில் சொல்ல வேண்டாம், ரொசாலியிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம். வருகிறாயா, இல்லையா என்று எனக்குக் கடிதம் எழுது.

அகத்தா துலிமாக்